வரிசை எண் 46

ஜூன் 12, வியாழன்
சென்னை ஐகோர்ட்டில் அண்ணனுக்கும் எனக்குமான வீட்டு கேஸ், இன்றைய லிஸ்ட்டில் 46. மதியச் சாப்பாட்டுக்குள் 19 வரைதான் ஓடியது. அண்ணன் வந்திருக்கிறார். வராந்தாவின் அந்தக் கோடியில், அதே மஞ்சள் பையோடு.

ஜூன் 13, வெள்ளி
இன்றும் வரவில்லை. "திங்கள் பார்க்கலாம் சார்" என்றார் ஜூனியர் வக்கீல். அண்ணன் பக்கம் திரும்பக் கூடாது என்பதற்காகவே கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். சிவப்புச் செங்கல், அதன் தலையில் வெங்காயம் மாதிரி கும்மட்டம். பிராசிங்டன் போட்ட திட்டத்தை மாற்றிக் கட்டி முடித்தவர் ஹென்றி இர்வின். கான்ட்ராக்டர் நம்பெருமாள் செட்டி. 1892இல் திறந்த கட்டடம். இரண்டே வருடத்தில், 1894 ஜூனில், சுமார் 175 அடி உயரத்தில் கலங்கரை விளக்கை ஏற்றிவிட்டார்கள். கீழே சொத்துத் தகராறு, மேலே கப்பலுக்கு வழி. வேறு எந்த ஊரில் கோர்ட் தலையில் இப்படி ஒன்றை வைத்திருப்பார்கள்?

ஜூன் 15, ஞாயிறு
அம்மா போனில் கேட்டது: "அவன் சாப்பிட்டானா?" கேஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஜூன் 16, திங்கள்
பாஸ் ஓவர், அதாவது அப்புறம் எடுக்கலாம் என்று கேஸைத் தள்ளிவிட்டார்கள். வளாகத்துக்குள்ளேயே பழைய விளக்குத் தூண் நிற்கிறது. 1844இல் ஏற்றியது, கேப்டன் ஸ்மித் கட்டியது. வெயிலில் கல் கொதித்தது, கை வைக்க முடியவில்லை. அதற்கும் முன்னால், 1796இல், கோட்டைக்குள் ஒரு மாடியில் எரிந்த விளக்கு. அங்கிருந்து தூணுக்கு, தூணிலிருந்து கும்மட்டத்துக்கு. விளக்கு போன பிறகும் தூணை இடிக்காமல் விட்டார்கள். நம் வீட்டை மட்டும் விற்றுக் காசாக்கித்தான் பிரிக்க வேண்டுமாம்.

ஜூன் 18, புதன்
46 இப்போது 11.

கிழக்குச் சுவரோரம் எம்டன் கல்வெட்டு. 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் கப்பல் சுட்டதில் பர்மா ஆயில் டாங்கிகள் பற்றி எரிந்தன, ஒரு குண்டு இங்கே விழுந்தது. அண்ணனும் நானும் அப்பாவை ரகசியமாக எம்டன் என்றுதான் சொல்லுவோம். செருப்புச் சத்தம் கேட்டால் அண்ணன்தான் முதலில் கிசுகிசுப்பார்: "வருதுடா எம்டன்." இன்று அவரும் அந்தக் கல் பக்கம் போனார். படித்தாரா, நிழலுக்கு ஒதுங்கினாரா, தெரியவில்லை.

ஜூன் 20, வெள்ளி
பூக்கடைப் பக்கம் பட்டணம் கோயிலுக்குப் போனேன். சென்னகேசவப் பெருமாள் முதலில் இருந்தது இந்த ஐகோர்ட் நிற்கும் இடத்தில். வெள்ளைக்காரர்கள் 1757இல் இடித்தார்கள், பிறகு இங்கே மாற்றிக் கட்டினார்கள். சாமியே இடம் மாறியிருக்கிறார் என்று அம்மாவிடம் சொல்லலாம். சொன்னால் அழுவார்.

ஜூன் 23, திங்கள்
டவாலி கூப்பிட்டார். இருபது நிமிஷம் வாதம். தேதி குறிப்பிடாமல் தீர்ப்பு ஒத்திவைப்பு.

படியில் அண்ணன் நின்று, "அம்மாவுக்குக் கால் வீக்கம் வத்திடுச்சா?" என்றார். "ம்" என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது.

பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் மெரினாவுக்குப் போனேன். 1977இலிருந்து விளக்கு இங்கேதான். கோர்ட் கும்மட்டம் அன்றிலிருந்து வெறும் கும்மட்டம். மிளகாய் பஜ்ஜி சரியில்லை.

ஜூலை 3, வியாழன்
நாளைய லிஸ்ட்டில் இருக்கிறது. தீர்ப்புக்காக, வரிசை எண் 2. ராத்திரி பஸ்ஸில் சீட் இல்லை. அண்ணன் காரில் போகிறாராம், அம்மா சொன்னார்.