நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர்

மே 4 (62)

இடது கை நரம்பு அடிபட்டு இன்று 62ஆம் நாள். கணினியில் நான் ஓட்டும் ஸ்பிட்ஃபயர், இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் போர் விமானம், இன்றும் கிளம்பும்போதே இடப்பக்கம் இழுத்துக்கொண்டு புல்தரைக்குள் போய்விட்டது. அதன் மெர்லின் இன்ஜினின் ப்ரொப்பெல்லர் விமானியின் பார்வையில் வலப்புறமாகச் சுற்றும், விமானம் இடப்புறம் ஓடப் பார்க்கும். ரடர் ட்ரிம்மை (வால் சுக்கானை ஒரு பக்கம் சாய்த்து வைக்கும் திருகு) முழுக்க வலது பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் த்ராட்டிலை (இன்ஜின் விசையைக் கூட்டும் பிடி) தொட வேண்டும். தெரிந்த விஷயம்தான். நரம்பு நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளரும் என்று காலையில் டாக்டர் சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்ததில் மறந்துவிட்டேன்.

மே 5 (63)

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இன்னும் மரத்தே கிடக்கிறது.

மே 9 (67)

ஸ்பிட்ஃபயரில் சக்கரத்தை மடக்கும் லீவர் வலப்பக்கம், த்ராட்டில் இடப்பக்கம். அதனால் தரையை விட்டு எழும்பியதும் விமானி இடது கையை த்ராட்டிலிலிருந்து எடுத்து ஸ்டிக்கை (விமானத்தைத் திருப்பும் தண்டு) பிடித்துக்கொண்டு, வலது கையால் லீவரைத் தள்ள வேண்டும். ஆரம்ப மாடல்களில் அங்கே ஒரு கைப்பம்பு இருந்தது. வலது கை பம்பு அடிக்க அடிக்க இடது கையும் கூடவே ஆடும். புதிதாகப் பழகுகிறவர்கள் கிளப்பிய விமானம் அலைமேல் படகு மாதிரி ஏறி இறங்கிப் போகும். நான் ஓட்டும் மார்க் 9இல் அந்த வேலையை இன்ஜினே பார்த்துக்கொள்கிறது. ஆனால் கை மாற்றித்தான் ஆக வேண்டும்.

எனக்குப் பிடிப்பது கஷ்டமில்லை. விடுவதுதான். விரல்கள் மூடுகின்றன, திறக்க மாட்டேன் என்கின்றன. த்ராட்டிலிலிருந்து கையை எடுக்கப் போனால் த்ராட்டிலும் கூடவே பின்னால் வருகிறது. 60 அடி உயரத்தில் பூஸ்ட் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்) சரிந்து, மூக்கு கவிழ்ந்து, வேலி மேல் விழுகிறேன். இன்று ஏழு தடவை.

“சக்கரத்தை ஒரு பட்டன்ல வெச்சிடலாமேண்ணா” என்கிறான் தம்பி.

மே 10 (68)

பட்டன் வேண்டாம்.

மே 13 (71)

தம்பி வளையம் செய்து கொண்டுவந்துவிட்டான். அரை அங்குல பிவிசி குழாயில் மணலை நிரப்பி, சூடு காட்டி வளைத்து, மேலே சைக்கிள் ஹேண்டில் டேப்பைச் சுற்றியிருக்கிறான். நிஜ ஸ்பிட்ஃபயரிலும் ஸ்டிக்கின் தலையில் இப்படி ஒரு வளையம்தான் இருக்கும், மண்வெட்டிப் பிடி மாதிரி. எந்தக் கையாலும் பிடிக்கலாம், இரண்டு கையாலும் பிடிக்கலாம். கடையில் விற்கும் ஜாய்ஸ்டிக் பெரும்பாலும் வலது கைக்கென்றே வார்த்தவை. இரண்டு மாதமாக அதோடுதான் போராடிக்கொண்டிருந்தேன் என்பது இன்றைக்குத்தான் உறைத்தது.

பிரேக்குக்கு சைக்கிள் பிரேக் லீவரையே மாட்டிவிட்டான். அசலிலும் பிரேக் அந்த வளையத்தில்தான், காற்றழுத்தத்தில் வேலை செய்யும். லீவரை அழுத்திக்கொண்டு எந்தப் பக்க ரடர் பெடலை மிதிக்கிறோமோ அந்தப் பக்கச் சக்கரம் கூடுதலாகப் பிடிக்கும். இன்னொன்று: பக்கவாட்டில் முழுத் தண்டும் சாயாது, மேல்பாதி மட்டும்தான் சாயும். காக்பிட் அவ்வளவு குறுகல், கால்களுக்கு நடுவே தண்டை ஆட்ட இடம் கிடையாது. அந்த மூட்டுக்காகவே தம்பி இரண்டு ராத்திரி லேத்தில் நின்றிருக்கிறான். கேட்டால் “சும்மா இருண்ணா” என்கிறான்.

ஸ்பிளின்ட்டோடு (மணிக்கட்டைத் தாங்கும் பட்டை) விரல்களை வளையத்துக்குள் மாட்டிப் பார்த்தேன். மாட்டிக்கொண்டது. திறக்க வேண்டியதில்லை, கொக்கி மாதிரி தொங்கவிட்டாலே போதும்.

மே 14 (72)

காலை ஐந்து மணியிலிருந்து ஓட்டுகிறேன். நான்கு தடவை சக்கரம் மடங்கியது! அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டு ஏதோ கோளாறு என்று பயந்துவிட்டாள். சக்கரம் உள்ளே போய்விட்டது என்பதற்குத்தான் சிவப்பு என்று சொன்னேன்.

மே 20 (78)

நரம்பு எதுவரை வளர்ந்திருக்கிறது என்று பார்க்க, டாக்டர் விரலால் கையைத் தட்டிக்கொண்டே வந்தார். முழங்கைக்கு மேலே ஓரிடத்தில் சுரீரென்று புறங்கை வரைக்கும் ஓடியது. பேனாவால் புள்ளி வைத்தார். பழைய புள்ளியிலிருந்து இதுவரை அளந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. போன தடவைக்கு இப்போது 16 நாள். 16 மில்லிமீட்டர் வந்திருக்க வேண்டும். நான் வீட்டுக்கு வந்து ஸ்கேலால் அளந்தேன். 11. மறுபடி அளந்தேன். 12. தோல் நகர்கிறது, சரியாக அளக்க முடியவில்லை.

ஆபரேஷன் என்ற சொல் இன்றுதான் முதல் தடவையாக வந்தது. நான்கு மாதம் வரை பார்ப்போம் என்கிறார்.

மே 21 (79)

ஓட்டவில்லை.

மே 22 (80)

ஓட்டவில்லை. புள்ளி அழியாமல் இருக்க, குளிக்கும்போது பாலிதீன் கட்டிக்கொள்கிறேன்.

மே 28 (86)

டாங்மியரிலிருந்து கிளம்பினேன். இங்கிலாந்தின் தென்கரை. 1941இல் டக்ளஸ் பேடர் என்ற பிரிட்டிஷ் விமானி தன் ஸ்பிட்ஃபயர்களைக் கூட்டிக்கொண்டு பிரான்ஸ் பக்கம் போன தளம். 1931 டிசம்பரில் தாழப் பறந்து சாகசம் செய்யப்போய் விழுந்து, இரண்டு காலும் போனவர். அப்போது வயது 21. விமானப்படை வெளியே அனுப்பியது, போர் வந்ததும் திரும்பச் சேர்த்துக்கொண்டது. இரண்டு செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு இதே விமானத்தை ஓட்டினார். பிரேக் பாதத்தில் இல்லாமல் கையில் இருந்தது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும் என்று அந்த சைக்கிள் லீவரை அழுத்தும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

1941 ஆகஸ்ட் 9 அன்று பிரான்ஸ் மேலே குதிக்க வேண்டி வந்தபோது வலது செயற்கைக் கால் காக்பிட்டுக்குள் சிக்கிக்கொண்டது. வார் அறுந்து, காலை விட்டுவிட்டு அவர் மட்டும் கீழே இறங்கினார். பிறகு இங்கிலாந்திலிருந்து இன்னொரு காலை பாராசூட்டில் போட்டார்கள்.

அவருக்குக் கால் வளரப்போவதில்லை என்று முதல் நாளே தெரியும். எனக்கு அப்படியும் இல்லை, இப்படியும் இல்லை. தினமும் காலையில் எழுந்ததும் மணிக்கட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஜூன் 1 (90)

கரண்ட் இல்லை. இருட்டில் உட்கார்ந்து கை மாற்றிப் பழகினேன்.

ஜூன் 3 (92)

ஸ்கேலைக் கையில் எடுக்கவில்லை. மாலை வரைக்கும்.

ஜூன் 6 (95)

இறங்குவது. ஸ்பிட்ஃபயரில் நேராக வந்தால் ஓடுபாதை தெரியாது, நீண்ட மூக்கு மறைத்துவிடும். வளைந்துகொண்டே வர வேண்டும், இடது தோளுக்கு மேலாக ஓடுபாதையைப் பார்த்தபடி, கடைசி நொடியில்தான் நேராக்க வேண்டும். ஃபிளாப்புக்கு (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் தகடு) இரண்டே நிலை: மேலே, அல்லது முழுக்கக் கீழே. நடுவில் எதுவும் கிடையாது.

சக்கரத்தை இறக்குவதில்தான் மனசு நின்றுவிட்டது. மணிக்கு 160 மைலுக்குக் கீழே வேகம் வந்த பிறகு, மறுபடியும் கை மாற்றி, லீவரைப் பின்னால் இழுக்க வேண்டும். ஆனால் எடுத்ததும் இழுக்கக் கூடாது. முதலில் முன்னால், அதாவது மடக்குகிற திசையிலேயே, இரண்டு நொடி தள்ளிப் பிடிக்க வேண்டும். சக்கரங்களின் எடை பூட்டு ஊசிகளின் மேல் உட்கார்ந்திருக்கும். அந்த எடையைத் தூக்கிக் கொடுத்தால்தான் ஊசி சுழலும், பூட்டு விடும். பாரம் இருக்கும்போது இழுத்தால் வராது.

ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணுகிறேன். அந்த இரண்டு நொடியும் விமானம் இடது கையில்தான் இருக்கிறது. இன்று 95 மைலில் ஓடுபாதையின் விளிம்பைத் தாண்டி, மூன்று சக்கரமும் ஒரே சமயத்தில் தரையில் உட்கார்ந்தது. பிசியோதெரபி அக்காவிடம் போனில் சொன்னேன். இரண்டு நொடியை ஐந்தாக்குங்கள் என்றார்.

ஜூன் 7 (96)

ஐந்து முடியவில்லை. மூன்று.

ஜூன் 11 (100)

நூறு. தூக்கமில்லை. 12ஆ 11ஆ என்று இன்னும் தெரியவில்லை.

ஜூன் 12 (101)

நாளை காலை ஒன்பதரைக்குத் தசையில் ஊசி வைத்துச் சோதித்துப் பார்க்கிறார்கள்.

இத்தனை நாளும் ஒன்றைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். த்ராட்டிலின் பக்கத்தில் உராய்வைக் கூட்ட ஒரு திருகு இருக்கிறது. கை மாற்றும்போது த்ராட்டில் தானாகப் பின்னால் நழுவக் கூடாது என்று, கிளம்பும் முன்பே அதை இறுக்கிவிடுவார்கள். அப்படியானால் எல்லா விமானிகளுக்கும் நழுவியிருக்கிறது. தம்பி என் த்ராட்டிலிலும் அப்படி ஒன்று வைத்திருக்கிறான், நான்தான் தொட்டதே இல்லை. இன்று இறுக்கினேன்.

3000 சுற்று, பூஸ்ட் 8, வலது கால். வால் தூக்கியது. தரை விட்டது. கை வந்துவிட்டது, த்ராட்டில் அங்கேயே நின்றது. ஸ்பிளின்ட் இல்லாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்பதைச் சிவப்பு விளக்கு எரிந்த பிறகுதான் பார்த்தேன். முழங்கைக்குக் கீழே, கட்டைவிரல் பக்கமாக ஏதோ துடித்த மாதிரி இருந்தது. அம்மாவைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தெரியலையே என்றாள், கையை எடுக்காமல்.

மணி பதினொன்றரை. இன்னும் ஒரு தடவை டாங்மியரிலிருந்து.