எட்டாவது கேள்வி

ஒக்டோபர் 29
ரோமுக்கு அனுப்பிய விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் இல்லை.

ஒக்டோபர் 31
தீபாவளி. ஆய்வேட்டுக்கான கேள்விப் படிவங்களைத் தொடவில்லை.

நவம்பர் 3
கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஐந்து வீடுகள். நான்காவது வீட்டு அக்கா ஏழு கேள்விகளுக்கும் தயங்காமல் பதில் சொன்னார். எட்டாவது: கடந்த 12 மாதங்களில் பணமில்லாமல் ஒரு நாள் முழுவதும் சாப்பிடாமல் இருந்தீர்களா?

"இல்லை பிள்ளை, அது விரதம்."

திங்கள், செவ்வாய், வெள்ளி. எப்போதிருந்து என்று கேட்டேன். "மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற வருடத்திலிருந்து." அடுப்பருகே கோப்பையால் மூடிய இரண்டு ரொட்டிகள், டியூஷனுக்குப் போன பிள்ளைகளுக்கு. 'இல்லை' என்று குறித்துக்கொண்டு வந்தேன்.

நவம்பர் 4
தூக்கம் வரவில்லை. அந்த எட்டுக் கேள்விகளையும் ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனம் கவனமாகத்தான் அமைத்திருக்கிறது. விரதத்தைப் பசியாக எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே 'பணமில்லாமல்' என்ற சொல். ஆனால் பணம் இல்லாததால் தொடங்கிய விரதத்தை எந்தக் கட்டத்தில் போடுவது?

2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் அதை ஒரு கோடாக வரைந்திருக்கிறேன். பட்டப்படிப்பில் 2021இல் இரசாயன உரத்துக்கு விதித்த தடையைப் பற்றி எழுதினேன். ஹெக்டேயருக்கு எத்தனை கிலோ நெல் என்பது இருந்தது, அந்தச் சோற்றை வீட்டில் யார் உண்டார், யார் உண்ணவில்லை என்பது இல்லை. அதற்காகத்தானே இந்தப் பக்கம் வந்தேன்.

பெண்களின் உணவுப் பன்முக அளவுகோல் 10 உணவு வகைகளில் குறைந்தது ஐந்து வேண்டும் என்கிறது. அந்த அக்கா சொன்னது சோறு, பருப்பு, வல்லாரை. மூன்று. அந்த அளவுகோலும் 15 முதல் 49 வயது வரைதான். என் அம்மாவுக்கு 53.

நவம்பர் 5
'அடிக்குறிப்பாகச் சேர்க்கலாம்' என்றார் மேற்பார்வையாளர். அந்த அக்கா அடிக்குறிப்பு இல்லை.

நவம்பர் 7
சூரசம்ஹாரம். அம்மாவுக்கு ஆறாம் நாள், பாலும் பழமும்தான். முகம் மலர்ந்திருக்கிறது. இது உண்மையான விரதம், எனக்குத் தெரியும்.

"2022இல் செவ்வாயும் சனியும் எதற்காக இருந்தீர்கள் அம்மா?"

எனக்காகச் சோறு வடித்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. "அப்போது நீ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய்."

நவம்பர் 9
ரோமிலிருந்து மின்னஞ்சல். செவ்வாய்க்கிழமை நேர்காணல்.

நவம்பர் 10
மறுபடி கொட்டாஞ்சேனைக்கு. எட்டாவது கேள்விக்கு முன்னால் கையால் ஒன்று எழுதிச் சேர்த்திருக்கிறேன்: எந்தெந்த நாள் விரதம், எந்த வருடத்திலிருந்து? அக்கா வீட்டில் இருப்பாரா தெரியவில்லை. பஸ் புறக்கோட்டைக்கு வந்துவிட்டது, இறங்க வேண்டும்.