கலனின் சுவரில் ஒட்டியிருந்தவை

ஆய்வகத்தில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, ஸ்டார்ச்சைச் சர்க்கரையாக உடைக்கும் அமைலேஸ் என்சைமை நிறையச் சுரக்கும் பாக்டீரியாவைத் தேடும் வேலை என்னிடம் வந்தது. சேலம் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையின் கழிவுநீர் வாய்க்காலில் சேறு எடுத்து வந்தோம். மரவள்ளி மாவு நாள்தோறும் கலக்கிற மண். அங்கே இல்லாவிட்டால் வேறெங்கே இருக்கும்?

தட்டில் வளரும் ஒவ்வொரு காலனியாக, அதாவது பாக்டீரியாத் திட்டாக, சோதிப்பதைவிட, புது உணவு ஓயாமல் உள்ளே வந்து பழையது வழிந்துகொண்டே இருக்கும் கெமோஸ்டாட் என்ற வளர்ப்புக் கலனையே சலித்தெடுக்க விடலாம் என்று நினைத்தேன். ஒரு லிட்டர் கலன். மணிக்கு 100 மில்லி புது ஊடகம் (உணவுக் கரைசல்) உள்ளே போகும், அதே அளவு வெளியே வழியும். உணவு ஸ்டார்ச் மட்டும், அதுவும் கொஞ்சமாக. இந்த வேகத்தில் சுமார் 7 மணி நேரத்துக்குள் இரட்டிப்பாகாத செல் கலனில் தங்காது. ஸ்டார்ச்சை நன்றாக உடைப்பதுதான் மிஞ்சும் என்பது என் கணக்கு. 1961-இல் நோவிக், ஹொரியூச்சி என்ற ஆய்வாளர்கள் லாக்டோஸைக் குறைவாகக் கொடுத்து, அதை உடைக்கும் பீட்டா கேலக்டோசிடேஸ் என்சைமை அளவுக்கு மீறி உண்டாக்கும் ஈ. கோலை பாக்டீரியாவை இப்படித்தான் பெற்றார்கள்.

இரண்டு வாரம் ஓடியபின், வழிந்த நீரை ஸ்டார்ச் கலந்த அகார் கூழ்த் தட்டில் பரப்பி வளர்த்து, அயோடின் ஊற்றினேன். ஸ்டார்ச் இருக்கும் இடம் கருநீலமாகும். அமைலேஸ் சுரக்கும் காலனியைச் சுற்றித் தெளிந்த வளையம் தெரிய வேண்டும். தட்டு முழுக்கக் கருநீலம், வளையம் அங்கொன்றும் இங்கொன்றும்தான். முதலில் சேற்றை நேரடியாகப் பரப்பிய தட்டிலேயே இதைவிட அதிகம் இருந்தது. அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

யோசித்தபோதுதான் புரிந்தது. பீட்டா கேலக்டோசிடேஸ் செல்லுக்குள்ளேயே இருக்கும், பலனும் அந்தச் செல்லுக்கே. அமைலேஸ் வெளியே போய்விடுகிறது. அது உடைத்துத் தரும் சர்க்கரை, கலக்கிக்கொண்டே இருக்கும் கலனில் எல்லாருக்கும் பொது. சுரக்கும் செலவே இல்லாத செல் அதைத் தின்று இன்னும் வேகமாகப் பெருகுகிறது. கலனுக்குத் தெரிந்தது வளர்ச்சி வேகம் மட்டும்தான்.

சரி, கழுவிவிடலாம் என்று கலனைக் கழற்றினால் கண்ணாடிச் சுவரில் வழவழவென்று ஒரு படலம். ஒட்டிக்கொண்டது வழிந்து போகாது, அதனால் கெமோஸ்டாட் ஓட்டுகிறவர்களுக்கு இது தொல்லை. பக்கத்து மேசை அக்கா, "கொட்டறதுக்கு முன்னாடி அதையும் ஒரு தட்டுல போட்டுப் பாரேன்" என்றார்.

சுரண்டிப் போட்டேன். பாதிக்கு மேல் காலனிகளைச் சுற்றி வளையம், சிலவற்றுக்கு விரல் அகலம்! நெருக்கமாக ஒட்டி வாழும் இடத்தில், உடைந்த சர்க்கரையில் ஒரு பங்காவது சுரந்தவற்றின் பக்கத்திலேயே தங்கியிருக்க வேண்டும். அயோடின் காலனிகளைக் கொன்றுவிடும் என்பதால் அதே காலனிகளை இன்னொரு தட்டிலும் பதித்து நகல் எடுத்து வைத்திருந்தது நல்லதாயிற்று. அதிலிருந்து நான்கைப் பிரித்தெடுத்தேன்.

இப்போது வெளியே சுரக்கும் என்சைம் வேலை எது வந்தாலும், கலனுக்குள் சில கண்ணாடித் துண்டுகளைத் தொங்கவிடுகிறேன். முதலில் அவற்றைத்தான் சுரண்டிப் பார்க்கிறேன்.