மானுக்கு ஒரு ரைஃபிள், எருமைக்கு ஒரு ரைஃபிள்

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் குடியேறிவிட்ட என் மச்சான், இதுவரை நண்பர்களின் துப்பாக்கிகளை வைத்தே வேட்டைக்குப் போய்வந்தவர், இப்போது சொந்தமாக ஒன்று வாங்கத் தீர்மானித்திருக்கிறார். விலை குறைந்த ரூகர் அமெரிக்கன் ரைஃபிள் போதுமா, அதைப்போல் மூன்று மடங்கு விலை கொடுத்து சாக்கோ வாங்கலாமா என்று கேட்கிறார். சிங்கப்பூரில் இருப்பவனுக்கு இந்தக் கேள்வி புதிது. தேசிய சேவையில் கையில் கொடுத்த ராணுவ ரைஃபிளான எஸ்.ஏ.ஆர். 21-ஐச் சுத்தமாக வைத்துக்கொள்வதுதான் நம் பொறுப்பாக இருந்ததே தவிர, எதைத் தேர்ந்தெடுப்பது என்று யாரும் நம்மைக் கேட்டதில்லை. ஆயினும், உரிமம் பெற்ற அவருடைய நேரடிக் கண்காணிப்பில் அவர் வேட்டையாடும் மலைகளில் சுட்டுப் பழகியவன் என்ற முறையில் எனக்குத் திடமான கருத்து உண்டு.

மானுக்கு விலை குறைந்த ரைஃபிளே போதும். ஒரு தலைமுறைக்கு முன்பு இப்படிச் சொல்லியிருக்க முடியாது. கணினியால் இயங்கும் கடைசல் எந்திரங்களும் சுத்தியலால் அடித்து உருவாக்கும் குழல்களும் வந்தபிறகு, துல்லியம் பணக்காரர்களின் தனிச்சொத்தாக இல்லை. நல்ல தோட்டா கிடைத்தால் ரூகர் அமெரிக்கன் நூறு மீட்டரில் மூன்று சென்டிமீட்டருக்குள் குண்டுகளைச் சேர்த்துவிடும். செம்மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதியோ ஒரு சாண் அகலத்துக்குக் குறையாது. இருநூறு மீட்டரில் குறி தவறினால், அது பெரும்பாலும் சுடுபவரின் மூச்சும் விரலும் செய்த வேலையாகவே இருக்கும்.

அப்படியானால் கூடுதல் பணம் எங்கே போகிறது? விலை குறைந்த துப்பாக்கியின் பிளாஸ்டிக் கட்டையை முன்பகுதியில் பிடித்து அழுத்திப் பாருங்கள். சில மாடல்களில் அது வளைந்து குழலைத் தொட்டுவிடும். பையின்மேல் சாய்த்துச் சுடும்போது இந்தத் தொடுகையே குண்டை இடம் மாற்றும். தோட்டாவை அறைக்குள் ஏற்றும் தண்டான போல்ட்டைப் பின்னுக்கு இழுத்தால் பக்கவாட்டில் ஆடும், பாதியில் சற்றுத் திக்கும். சாக்கோவில் அது வழுக்கிக்கொண்டு போகும். அதே வேளையில், விலையுயர்ந்த வால்நட் மரக்கட்டை தென்தீவின் மேற்குக் கரை மழையில் ஈரம் குடித்து உப்பக்கூடியது. அங்கே பிளாஸ்டிக் கட்டையும் துருப்பிடிக்காத எஃகுக் குழலும்தான் அறிவுள்ள தேர்வு. நடுவழி ஒன்றும் இருக்கிறது: டிக்கா டி3எக்ஸ், சாக்கோ தயாராகும் அதே ஃபின்லாந்து ஊரான ரீஹிமாக்கியில் தயாராகிறது, போல்ட்டின் வழுக்கலில் அண்ணனுக்கு அதிகம் சளைத்ததில்லை.

ஆனால் சுடப்படும் விலங்கு திரும்பி வந்து தாக்கக்கூடியது என்றால் என் கருத்து முற்றிலும் மாறும். ஆப்பிரிக்க எருமையின் முன் துல்லியம் இரண்டாம் பட்சம். இரண்டாவது தோட்டா தடையின்றி ஏறுமா என்பதே உயிர்ப் பிரச்சினை. 1898-ஆம் ஆண்டு மவுசர் வடிவமைப்பில், தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் மேகசினிலிருந்து மேலெழும் தோட்டாவின் அடிவிளிம்பை ஒரு நீண்ட நகம் உடனே கவ்விக்கொள்கிறது. பதற்றத்தில் போல்ட்டைப் பாதியில் பின்னிழுத்தாலும் தோட்டா அதனோடு வெளியே வந்துவிடும். விலை குறைந்த துப்பாக்கிகளில் பெரும்பாலும் போல்ட் தோட்டாவை வெறுமனே முன்னுக்குத் தள்ளும். முழுதாக மூடினால்தான் கவ்வும். பாதியில் இழுத்தவருக்குப் பழைய தோட்டா அறையிலேயே தங்கிவிட, அடுத்தது அதன் முதுகில் போய் முட்டும்.

இந்த நகத்தின் மதிப்பை அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனமான வின்செஸ்டரின் கதை காட்டுகிறது. 1936-இல் வந்த மாடல் 70-இல் அது இருந்தது. உற்பத்திச் செலவைக் குறைக்க 1964-இல் அதைக் கைவிட்டபோது வேட்டைக்காரர்கள் கொதித்தார்கள். அதற்கு முன் செய்யப்பட்ட துப்பாக்கிகளுக்கு இன்றும் தனி விலை. பின்னாளில் அந்த நிறுவனமே நகத்தை மீண்டும் கொண்டுவந்தது. எருமைக்கு .375 எச் அண்ட் எச் போன்ற பெரிய தோட்டாவும் இத்தகைய அமைப்பும் கொண்ட துப்பாக்கியையே நான் பரிந்துரைப்பேன். அதற்கும் விலையுயர்ந்த லண்டன் ரிக்பி வரை போகத் தேவையில்லை: ரூகர் ஹாக்ஐ துப்பாக்கியும், இப்போது தயாரிப்பு நின்றுபோன செக் நாட்டுச் சி.இசட். 550-உம் அந்த நகத்தோடு நடுத்தர விலையில் வந்தவையே.

மச்சானுக்கு எருமை எண்ணம் கிடையாது; மார்ச் கடைசியில் ஆண் செம்மான்கள் கத்தத் தொடங்கும் பருவமே அவருக்குப் போதும். ஆகவே .308 தோட்டாவுக்கான டிக்காவை வாங்கச் சொல்லியிருக்கிறேன். சாக்கோவுக்கென ஒதுக்கிய பணத்தில் மிஞ்சுவதில், அந்தி வெளிச்சத்திலும் மானின் தோள் தெளிவாகத் தெரியும் நல்ல ஸ்கோப் ஒன்றை முதலில் வாங்கவேண்டும். அதற்குப் பிறகும் மிச்சமிருந்தால் அத்தனையும் பயிற்சித் தோட்டாக்களுக்குத்தான்.