காலண்டர் தாளின் பின்பக்கம்

2024 ஜூன் 12, புதன்

நேற்று இரவு எங்கள் கூடத்தில் ஆறு ஓடியது. கணுக்கால் அளவுத் தண்ணீர், அடியில் மணல் தெரியும் தெளிவு. ரேழி வழியாக நுழைந்து கொல்லைப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. வீட்டில் ஒருவரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. சித்தப்பா ஊஞ்சலில் பேப்பர் படித்தார். அம்மா எனக்கு முதுகைக் காட்டிப் பலகையில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் விட்டபடி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்திலிருந்து பறந்த உமி ஆற்றில் விழுந்து மிதந்து போயிற்று. "அம்மா, இந்தப் பக்கம் திரும்பு" என்று கூப்பிட வாயெடுத்தேன், விழிப்பு வந்துவிட்டது. மின்சாரம் போயிருந்தது. கழுத்தெல்லாம் வேர்வை.

நோட்டைத் தேடி எழுவதற்குள் கனவு கரைந்துவிடும். அதனால் கட்டிலுக்கு மேலே தொங்கும் தினசரி காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் எழுதினேன். இனி கனவு வருகிற நாளெல்லாம் இப்படியே செய்வதாக எண்ணம்.

இன்று மேட்டூர் திறக்கவேண்டிய தேதி. அணையில் தண்ணீர் போதவில்லை என்பதால் திறக்கவில்லை. போன ஆண்டு இதே நாளில் திறந்து அக்டோபரிலேயே மூடினார்கள். அந்தச் சம்பாவைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. எங்கள் குடமுருட்டி ஆற்றில் நாணலுக்கு நடுவே ஆடுகள் மேய்கின்றன.

ஜூன் 23, ஞாயிறு

கனவு இல்லை. ஆனால் காலை மிக நன்றாக இருந்தது.

காபி ஃபில்டர் ஒரு வாரமாக அடைத்துக்கொண்டிருந்தது. அம்மாவின் பித்தளை ஃபில்டர், அவள் கல்யாணத்துக்கு வந்தது. மேல் பாத்திரத்தை அடுப்புத் தணலில் காட்டி, துளைகளில் ஒட்டிய தூளைக் கருகவிட்டு, புளி போட்டுத் தேய்த்தேன். முற்றத்துக்குக் கொண்டுவந்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால், உள்ளங்கையில் ஊசிமுனை ஊசிமுனையாக வெளிச்சம் விழுந்தது. விளிம்போரம் ஒரு கீற்றில் மட்டும் இருட்டு. மறுபடியும் தணலில் காட்டினேன். அதுவும் திறந்தது.

அப்புறம் தூளைப் போட்டு, குடையால் மெல்ல அழுத்தி, கொதிக்கிற தண்ணீரை ஓரத்திலிருந்து சுற்றி ஊற்றி மூடினேன். அம்மா மூடியதும் கரண்டிக் காம்பால் ஃபில்டரை மூன்று தட்டுத் தட்டுவாள். எதற்கு என்று நான் கேட்டதே இல்லை. நானும் தட்டினேன். முதல் சொட்டு விழும் சத்தம் கேட்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். பால் பொங்கி வந்தது. இவர் வயலிலிருந்து வந்து திண்ணையில் உட்கார்ந்ததும் டபராவில் நுரை கட்ட ஆற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்றைக்கு அத்தை காபி" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

ஜூலை 5, வெள்ளி

பற்கள் உதிர்ந்து கையில் விழுவதாகக் கண்டேன். பல் விழுந்தால் உறவில் யாருக்கோ ஆகாது என்று சொல்லியே வளர்த்தார்கள். எனக்கு இன்றும் அது வயிற்றைப் பிசைகிறது. கெட்ட கனவை மனிதரிடம் சொல்லும் முன் பசுவின் காதில் சொல்லிவிட வேண்டும் என்பாள் அம்மா. எதிர் வீட்டுத் தொழுவத்துக்குப் போனேன். செவலைப் பசு அசை போட்டுக்கொண்டிருந்தது. குனிந்து சொன்னேன். காதின் உள்மயிர் என் கன்னத்தில் உரசியது; சூடான வைக்கோல் வாசனை. ஒரு முறை காதை விசிறிவிட்டு மறுபடியும் அசை போட்டது. திரும்பி வரும்போது நெஞ்சில் பாரம் இல்லை. அண்ணனுக்குப் போன் செய்து நலம் மட்டும் விசாரித்துக்கொண்டேன்.

ஜூலை 19, ஆடி முதல் வெள்ளி

வீடு அலசி, மாக்கோலம் போட்டு, வேப்பிலை செருகினேன். மாலையில் மாவிளக்கு.

நாட்டு ஓட்டுக் கூரைக்கு மேலே பறந்தேன் என்று விடியற்காலை எழுதியதை மகளிடம் போனில் படித்துக் காட்டினேன். திருச்சியில் நர்சிங் படிக்கிறாள். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்பது நம் வழக்கம். பலிக்குமா என்று அவளுக்குச் சொல்லத் தெரியாதாம். அந்த நேரக் கனவு ஏன் நினைவில் நிற்கிறது என்பதைச் சொன்னாள். ஏறக்குறைய தொண்ணூறு நிமிடத்துக்கு ஒரு முறை, மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக ஓடும் தூக்கம் வருமாம். அழுத்தமான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான். முன்னிரவில் அது சில நிமிடம்தான். விடியல் நெருங்க நெருங்க நீளும். அந்த நேரத்தில் எழுகிறவருக்குக் கனவு கையோடு வந்துவிடும். அப்போது கைகால் தசைகள் தளர்ந்துபோவதால்தான் நாம் கனவில் ஓடுவதைப் படுக்கையில் ஓடாமல் இருக்கிறோம். கண்கள் ஓடும் இந்தத் தூக்கத்தை அமெரிக்காவில், சிகாகோவில் கண்டுபிடித்து எழுதியது 1953இல் என்றாள்.

1953. அம்மா பிறந்த ஆண்டு. அம்மா தொட்டிலில் கண்களை ஓடவிட்டுத் தூங்கிய அதே நாட்களில் எங்கோ ஒருவர் உட்கார்ந்து அதைக் கவனித்துக் குறித்துக்கொண்டிருந்திருக்கிறார். நாள் முழுக்க எனக்கு இதே நினைவு.

ஜூலை 28, ஞாயிறு

மேட்டூரைத் திறந்துவிட்டார்கள்! கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிரம்பி, வெள்ளமாக வந்து கொட்டுகிறது. அணை முழுக் கொள்ளளவான 120 அடியைத் தொட்டுவிடும் என்கிறார்கள். நாற்பத்தாறு நாள் தாமதம். இவர் செய்தி முடிந்த பிறகும் டிவியை அணைக்காமல் நின்றார். எங்களுக்கு இருப்பது ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர். அதில் என்ன விதைப்பது, எந்த வயது நெல் என்று இரவு பத்து மணிவரை திண்ணையில் பேச்சு. சாப்பிட்ட கை காய்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

புதன்கிழமை கல்லணையைத் திறந்தார்கள்.

இன்று விடியலில் ஒரு கனவு. பத்தாயத்தில் யாரோ நெல் கொட்டுகிறார்கள். மூட்டை மூட்டையாக, நிற்காமல். பத்தாயத்து வாயில் அம்மா முதுகு தெரிகிறது. குனிந்து இரண்டு கையாலும் நெல்லைத் தள்ளிவிடுகிறாள். எனக்கு மூக்கில் தூசி ஏறித் தும்மல் வருகிறது. கண் விழித்தேன். நெல் கொட்டும் சத்தம் நிற்கவில்லை.

எழுந்து உட்கார்ந்தும் கேட்டது. அப்புறம்தான் விளங்கியது: தெருக்கோடி மதகில் தண்ணீர் விழுகிறது.

இவரை எழுப்பினேன். செருப்புப் போடாமல் போனோம். தெருவில் பாதிப் பேர் எங்களுக்கு முன்பே வந்திருந்தார்கள். தண்ணீர் மதகைத் தாண்டி அப்போதுதான் அடுத்த வளைவுக்குப் போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகள் கரையோரமாக அதன் தலையோடு கூடவே ஓடினார்கள். முன்னால் ஒரு முழ அகலத்துக்குச் சருகும் நுரையும் ஆட்டுப் புழுக்கையும். அதற்குப் பின்னால் செம்மண் நிறத்தில் தண்ணீர். காய்ந்த மணல் அதைக் குடிக்கும்போது முணுமுணுவென்று கொப்புளங்கள் கிளம்பி உடைந்தன. அந்த வாசனை! பத்து மாதம் மூடிக் கிடந்த மணல் வாய் திறக்கும் வாசனை. குனிந்து ஒரு கை அள்ளி நெற்றியில் வைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பெரியம்மா மடியிலிருந்து வெற்றிலையும் ஒரு ரூபாயும் எடுத்துத் தண்ணீரில் விட்டு, "வந்தாயா தாயே" என்றார். அதற்குமேல் அவருக்குப் பேச்சு எழவில்லை. எனக்கும்தான்.

மாலையில் மகளிடம் சொன்னேன். 1958இல் தூங்குகிறவர்கள் மேல் குளிர்ந்த தண்ணீரைத் தெளித்து, எழுப்பிக் கனவைக் கேட்டுப் பார்த்திருக்கிறார்களாம்; பாதிக்குச் சற்றுக் குறைந்த தடவைகளில் கனவிலும் தண்ணீர் வந்திருந்ததாம். மழை பெய்தது, கூரை ஒழுகியது என்று. வெளியே நடப்பதைத் தூக்கம் தன் கதைக்குள் இழுத்துக்கொள்கிறது. என் தூக்கம் ஆற்றை நெல்லாக்கிக் கொடுத்திருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

எழுத நேரமில்லை. ஐந்து வகைச் சாதம், காப்பரிசி, காதோலை கருகமணி. தெருப் பிள்ளைகள் சப்பரம் இழுத்து வந்தார்கள். மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டேன். கால் நனைய ஒரு மணி நேரம் படியில் உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்ட் 4, ஆடி அமாவாசை

அண்ணன் காலையிலேயே கரையில் தர்ப்பணம் முடித்துவிட்டுச் சாப்பிட வந்தார். வாழைக்காய்ப் பொரியல், அம்மாவுக்குப் பிடித்த பருப்பு உருண்டைக் குழம்பு. காகம் முதலில் குழம்புச் சோற்றைத்தான் எடுத்தது. இரவு, அம்மா ஒரு முறையாவது இந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்று நினைத்துக்கொண்டே படுத்தேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

எனக்குக் கனவே வரவில்லை. மதகுச் சத்தத்தில் அடித்துப்போட்டாற்போல் தூங்கியிருக்கிறேன்.

காபி ஆற்றிக்கொண்டிருந்தபோது இவர் வந்து அடுக்களை நிலைப்படியில் நின்றார். கல்யாணமாகி இருபத்தாறு ஆண்டில் கனவு என்று ஒன்றைச் சொல்லி நான் கேட்டதில்லை. "அத்தை வந்தார்கள்" என்றார்.

டபராவை வைத்துவிட்டேன்.

பம்புசெட் கொட்டகைக் கதவைத் திறந்துபோட்டுவிட்டாராம். அம்மா வரப்பில் நின்று, "மாப்பிள்ளை, தாழ்ப்பாள் போடவில்லையே" என்றாளாம். இவரைப் பார்த்தபடியா? ஆமாம், நேருக்கு நேர். மூக்குத்தி இருந்ததா? இருந்தது, வலப்பக்கம், கல்லில் வெயில் பட்டது. முகம் எப்படி இருந்தது? இவர் யோசித்தார். "கோபமெல்லாம் இல்லை. அப்போதுதான் தலைக்குக் குளித்திருந்தார்கள் போல. நுனியில் முடிச்சுப் போட்டிருந்தது. காதோரம் ஈரம்."

இன்னொரு தடவை முதலிலிருந்து சொல்லுங்கள் என்றேன். சொன்னார். காபி ஆறிப் போயிருந்தது. அப்படியே குடித்துவிட்டு, கொட்டகைத் தாழ்ப்பாளைப் பார்த்து வருகிறேன் என்று கிளம்பினார். நான் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைத் தாளைக் கிழித்தேன்.