கசூரினாவில் ஒரு இரவு: புதுக் கேம்பர் வானுக்கு முதல் ஓட்டம்

உள்ளேயே படுத்து, சமைத்துப் பயணிக்கும் புதுக் கேம்பர் வானை அமைத்து முடித்த கையோடு திருகோணமலைக்குக் கிளப்ப வேண்டாம். முதல் இரவைக் காரைநகர் கசூரினாவில் கழியுங்கள். மானிப்பாய், சங்கானை கடந்து பொன்னாலைப் பாலத்தால் போனால் கடற்கரை. ஏதும் பிழைத்தால் யாழ்ப்பாணம் கிட்டத்தான். தங்குவதற்கு முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் பற்றரிக் கணக்கு. 45 வாட் பிரிட்ஜ் எங்கள் வெக்கைக்கு நாளில் பாதி நேரம் ஓடும். 12 வோல்ட் பற்றரியில் அதற்கே நாளுக்கு 45 அம்பியர்-மணி போகும். விசிறிக்கு இரவு 12, லைற்றுக்கும் போனுக்கும் 8. மொத்தம் 65. 100 அம்பியர்-மணி ஈயப் பற்றரியில் பாதிக்கு மேல் இழுத்தால் அதன் ஆயுள் போய்விடும். அதே அளவு லித்தியம் இரும்பு பொஸ்பேற்றில் 80 தாராளமாக எடுக்கலாம். கூரையில் 200 வாட் சோலர் இருந்தால் நல்ல வெயிலில் 55 அளவு திரும்பி வரும். மாரி முகிலில் அதில் பாதிகூட வராது. மிச்சம் எஞ்சினிலிருந்து வரவேண்டும். எஞ்சின் சுழற்றி மின் தரும் அல்டர்னேற்றரை நேரே லித்தியத்துக்குக் கொடுத்தால் பற்றரி அளவில்லாமல் கரண்டை இழுக்கும், அல்டர்னேற்றர் சூடேறிக் கருகக்கூடும். நடுவில் அந்தக் கரண்டை அளவோடு விடும் 20 அல்லது 30 அம்பியர் டிசி-டிசி சார்ஜர் கட்டாயம்.

பற்றரி பொசிட்டிவ்விலிருந்து ஒரு சாணுக்குள் பியூஸ் போடுங்கள். பியூஸ் காப்பது சாமானை அல்ல, வயரை. பிரிட்ஜுக்கு 4 சதுர மில்லிமீற்றருக்குக் குறையாத வயர் வேண்டும். மெலிந்த வயரில் கொம்பிரசர் கிளம்பும்போது வோல்டேஜ் விழும், பிரிட்ஜ் நின்றுவிடும். பலர் நல்ல பற்றரியைப் பழி சொல்லி மாற்றுவது இதனால்தான். உப்புக்காற்றில் வெறும் செம்பு பச்சை பூக்கும். வயர் நுனியில் நசுக்கிப் பூட்டும் லக்கை வெள்ளீயம் பூசியதாக வாங்கி, அதன்மேல் பசையுள்ள ஹீற் சிறிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) போடுங்கள்.

சமையல் காஸ் காற்றை விடப் பாரம், கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே சிலிண்டர் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் துளை வேண்டும். ஒவ்வொரு மூட்டிலும் சவர்க்கார நுரை தடவிப் பாருங்கள்.

இரண்டு பேருக்கு 60 லீற்றர் தண்ணீர் என்றால் 60 கிலோ. பின் கதவோரம் வைக்காமல் இரு அச்சுகளுக்கும் இடையில், தாழ்வாக வையுங்கள். தீவுப் பக்கத்துக் கிணறுகள் பல உவர், குடிதண்ணீரை வீட்டிலேயே நிரப்புங்கள்.

நிழலுக்கென்று பனைக்குக் கீழே விடாதீர்கள். பழக் காலத்தில் ஒரு பனம்பழம் போதும், சோலர் கண்ணாடி நொறுங்கும். சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் பக்கக் கதவைக் காற்றுக்கு மறுபுறம் திருப்பி நிறுத்துங்கள், மணல் உள்ளே வராது. விடிந்ததும் பிரிட்ஜ் ஓடும்போதே ஒவ்வொரு லக்கையும் கையால் தொட்டுப் பாருங்கள். சுடுகிற லக் சரியாக நசுக்கப்படாதது. அதை வெட்டிப் புதிதாகப் போடுங்கள்.