198 மார்க்கும் எரேமியா 29:11-ம்

எங்கள் சபையில் டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு தட்டில் சின்னச் சின்ன அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வசனம் இருக்கும், ஜெபித்துவிட்டு ஒன்றை எடுத்தால் அந்த வருஷம் முழுக்க கர்த்தர் நமக்குத் தருகிற வார்த்தை அதுதான். அதைப் பைபிளுக்குள் வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு, பீரோ கதவில் ஒட்டுகிறவர்கள் உண்டு, பிடிக்காத வசனம் வந்தால் நைசாகத் திரும்ப வைத்துவிட்டு இன்னொன்றை எடுக்கிறவர்களும் உண்டு (என் தம்பி).

2019 கடைசியில் எனக்கு வந்தது எரேமியா 29:11. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு" என்று தொடங்குகிற வசனம். அந்த நவம்பரில்தான் சி.ஏ., அதாவது ஆடிட்டர் படிப்பு, ஃபைனலில் இருக்கிற இரண்டு குரூப்பில் குரூப் 1-ஐ முதல் தடவையாக எழுதியிருந்தேன், ரிசல்ட் ஜனவரியில் வர வேண்டும். இப்போது அந்த வரியை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். எதிர்பார்த்திருக்கும் முடிவு! இது தமிழ் பைபிள் படிக்கிறவர்களுக்கு மட்டும் வருகிற வம்பு. கடைசிக்கும் முடிவுதான், ரிசல்ட்டுக்கும் முடிவுதான். தேர்வு முடிவைப் பற்றி தேவன் என் பெயர் போட்டு எழுதி அனுப்பிவிட்டார் என்றே நினைத்தேன். அம்மாவிடம் காட்டினேன், அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மறுநாள் கேக் வாங்கும்போது வழக்கமாக வாங்குவதைவிடப் பெரியதாக வாங்கினார்.

ஜனவரி நடுவில் ரிசல்ட் வந்தது. 47, 61, 48, 42.

கணக்குப் பிள்ளைகள் இதற்குள் கூட்டியிருப்பீர்கள், 198. ஒவ்வொரு பேப்பரிலும் குறைந்தது 40 வாங்க வேண்டும், அது தவிர அப்போது நாலு பேப்பரும் சேர்ந்து 400-க்கு 200 வர வேண்டியிருந்தது. ஒவ்வொன்றிலும் தப்பித்துவிட்டு மொத்தத்தில் இரண்டு மார்க்கில் விழுந்திருந்தேன். மறுமதிப்பீடு கிடையாது, கூட்டல் சரியா என்று மட்டும் பார்க்கச் சொல்லலாம். பார்க்கச் சொன்னேன், கூட்டல் சரியாகத்தான் இருந்தது. 61 வாங்கிய பேப்பருக்கு மட்டும் எக்ஸம்ப்ஷன், அதாவது 60-க்கு மேல் வாங்கியதால் அடுத்த மூன்று அட்டெம்ப்ட் வரை அதைத் திரும்ப எழுத வேண்டாம். ஆறுதல் பரிசு.

மார்க் வந்த அன்றைக்கு நான் அழவில்லை, அந்த அட்டையை எடுத்துப் பார்த்தபோதுதான் அழுதேன். ஃபெயிலானதை ஒரு மாதிரி ஜீரணித்துவிட்டேன், தேவன் எதற்கு ஆசை காட்டினார் என்பதுதான் தொண்டையில் நின்றது. ஒன்றுமே சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று அவரிடமே கேட்டேன், அது ஜெபமா சண்டையா என்று இப்போதும் தெரியவில்லை.

அப்புறம் கொரோனா. 2020 மே தேர்வைத் தள்ளித் தள்ளி வைத்து, கடைசியில் ரத்து செய்து நவம்பரோடு சேர்த்தார்கள். வருஷம் முழுக்க மாடி அறையில் உட்கார்ந்து படித்து, மாஸ்க் போட்டுக்கொண்டு போய் எழுதி, 2021 பிப்ரவரியில் ரிசல்ட் பார்த்தால் சட்டப் பேப்பரில் 36. மொத்தம் 200-ஐத் தாண்டியிருந்தது! முதல் தடவை ஒவ்வொன்றிலும் பாஸ், கூட்டினால் ஃபெயில். இரண்டாவது தடவை கூட்டினால் பாஸ், ஒன்றில் ஃபெயில். சிரிப்புத்தான் வந்தது.

சபையில் யாரும் கெட்ட எண்ணத்தில் எதுவும் சொல்லவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். "கர்த்தர் இதைவிடப் பெருசா எதையோ வச்சிருக்கார்" என்றார்கள், சி.ஏ.-வைவிடப் பெரிசு என்ன என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. "ஜெபத்துல எங்கயோ ஒரு தடை இருக்கு, ஆராய்ஞ்சு பாரு" என்றார் ஒரு அத்தை, அதற்கு ஒரு வாரம் தூக்கம் போனது. ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் வேலை கிடைத்தவர்கள், விசா வந்தவர்கள், குழந்தை பிறந்தவர்கள் எழுந்து சொல்வார்கள், எல்லோரும் ஸ்தோத்திரம் சொல்வோம். "இந்தத் தடவையும் கிடைக்கவில்லை, ஆனாலும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன்" என்று யாரும் எழுந்து சொல்லி நான் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். 2021 ஜூலையில் எழுதியதைத் தோல்விக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது, ஏனென்றால் நான் படிக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தேன், காலை நாலரைக்கு எழுந்து ஜெபித்தேன், சட்டப் புத்தகத்தை மட்டும் தொடவில்லை. கேட்டால் "கர்த்தருக்குக் காத்திருக்கிறேன்" என்பேன். பயந்துபோய் சும்மா உட்கார்ந்திருந்ததற்கு நான் வைத்த பெயர் அது. அதோடு எக்ஸம்ப்ஷனும் காலாவதியாகிவிட்டது.

அந்த ரிசல்ட் வந்த சாயங்காலம் எல்லோரும் ஆளுக்கொரு அறையில் இருந்தோம். ஆச்சி மட்டும் மெதுவாக மாடிப்படி ஏறி வந்து, "ஏட்டி, சாப்ட்டியா?" என்றாள். இல்லை என்றேன். "ஒண்ணுமே திங்கலியா?" "இல்ல ஆச்சி." கீழே போய்த் தோசையும் மத்தியானத்து மீன் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். மார்க் எவ்வளவு என்று கேட்கவே இல்லை. இன்றைக்கு வரை கேட்டதில்லை, அவளுக்கு நான் எழுதுவது என்ன பரீட்சை என்று சரியாகத் தெரியுமா என்பதே சந்தேகம்.

யோவான் 21-ஐ நான் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். பேதுருவும் மற்றவர்களும் ராத்திரி முழுக்க வலை வீசி ஒன்றும் கிடைக்காமல் விடிகிற கதை. கரையில் நின்றுகொண்டு இயேசு கேட்கிறார்: "பிள்ளைகளே, புசிக்கிறதற்கு ஏதாகிலும் உங்களிடத்தில் உண்டா?" அவர்கள் சொன்ன பதில், "ஒன்றுமில்லை." ஆச்சி கேட்டதும் நான் சொன்னதும் அதேதான் என்று தோசையைப் பிய்க்கும்போது உறைத்தது. அதற்குப் பிறகு வலை நிறைய 153 மீன் வருகிறது, அது எல்லோருக்கும் தெரியும், பிரசங்கமெல்லாம் அந்த 153-ல்தான் போய் நிற்கும். ஆனால் அவர்கள் கரைக்கு வந்து பார்க்கும்போதே அங்கே கரிநெருப்பு இருக்கிறது, அதன்மேல் மீன் இருக்கிறது, அப்பமும் இருக்கிறது. அந்த மீன் இவர்கள் பிடித்தது இல்லை. பிடித்ததிலும் சிலதைக் கொண்டுவரச் சொல்கிறார், சரி, ஆனால் அதற்கு முன்னாலேயே சாப்பாடு தயார். அதுவும் யாருக்கு? போன அதிகாரங்களில்தான் இப்படி ஒரு கரிநெருப்புப் பக்கத்தில் குளிர்காய்ந்துகொண்டு, அவரைத் தெரியவே தெரியாது என்று சொன்ன பேதுருவும் அதில் இருக்கிறார். முதலில் சாப்பிட வைத்துவிட்டுத்தான் அந்தப் பேச்சையே எடுக்கிறார்.

அன்றைக்கு ராத்திரி அந்த அட்டையைத் தேடி எடுத்தேன். அதில் இருந்தது ஒரே ஒரு வசனம், அதிகாரத்தை முழுசாக நான் படித்ததே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. நாலு வருஷம் ஆடிட்டிங் படித்தவள், ஒரு வவுச்சரை மட்டும் பார்த்துவிட்டுக் கணக்கை முடித்திருக்கிறேன்!

எரேமியா 29 ஒரு கடிதம். பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எழுதியது. 11-ஆம் வசனத்துக்கு முந்தின வசனத்தில் இருக்கிறது விஷயம், எழுபது வருஷம். பாபிலோனில் எழுபது வருஷம் ஆன பிறகு உங்களைச் சந்தித்துத் திரும்பக் கொண்டுவருவேன் என்கிறார். அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் எத்தனை பேர் எழுபது வருஷம் கழித்து இருந்திருப்பார்கள்? இன்னும் முன்னால் 5-ஆம் வசனம்: வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அதன் கனியைச் சாப்பிடுங்கள். கல்யாணம் பண்ணுங்கள், பிள்ளை பெறுங்கள், அந்த ஊரின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள்.

28-ஆம் அதிகாரத்தையும் சேர்த்துப் படித்தால்தான் முழுக்கதை. அங்கே அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் பாபிலோனுக்குப் போனதெல்லாம் திரும்பி வந்துவிடும் என்று ஆலயத்தில் எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறார். பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்தே காட்டுகிறார். கேட்கிறவர்களுக்கு எவ்வளவு தெம்பாக இருந்திருக்கும்! எனக்கு ரொம்பப் பிடித்த இடம், அதைக் கேட்டதும் எரேமியா சொன்ன முதல் வார்த்தை, "ஆமென்." கர்த்தர் அப்படியே செய்யட்டும் என்கிறார். அவருக்கும் அது இரண்டு வருஷமாகவே இருக்க வேண்டும் என்று ஆசைதான். ஆனால் அது உண்மை இல்லை, அதனால் எழுபது என்று சொல்ல வேண்டியதாயிற்று. "இந்த அட்டெம்ப்ட் நிச்சயம்" என்று சொன்னவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, நான் கேட்க விரும்பியதும் அனனியாவைத்தான்.

நான் என்னவெல்லாம் தள்ளிப்போட்டிருந்தேன் என்று அன்றைக்கு யோசித்தேன். எல்லாமே "சி.ஏ. முடியட்டும்" என்ற ஒரே பதிலில் நின்றிருந்தது. ஸ்கூட்டி ஓட்டப் பழகவில்லை. பாடகர் குழுவில் கூப்பிட்டும் போகவில்லை. சிநேகிதி கல்யாணத்துக்குப் போகவில்லை, கேட்பார்களே என்று. ஆர்ட்டிக்கிள்ஷிப் (ஆடிட்டரிடம் எடுக்கிற பயிற்சி) முடித்திருந்தும், முழுநேரம் படிக்கிறேன் என்று சொல்லி வேலைக்கும் போகவில்லை. பாபிலோனில் பெட்டியைத் திறக்காமலேயே உட்கார்ந்திருந்தேன்.

அதற்கப்புறம் ஒன்றும் பெரிசாக நடந்துவிடவில்லை. ஜங்ஷன் பக்கம் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் சேர்ந்தேன், மாதாமாதம் இருபதாம் தேதி வந்தால் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் அவசரத்தில் சாப்பாடு மறந்துபோகும். தெருவில் பிளஸ் டூ பிள்ளைகள் நாலு பேருக்குக் கணக்குப்பதிவியல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். பாடகர் குழுவில் ஆல்டோ பாடுகிறேன், சுமாராக. ஸ்கூட்டியில் ஒரு தடவை விழுந்தேன். 2022 நவம்பரில் குரூப் 1-ஐ மறுபடி நாலு பேப்பரும் எழுதினேன், பாஸ். அந்த வருஷ அட்டையில் என்ன வசனம் வந்தது என்று ஞாபகமே இல்லை.

அதே காலத்தில்தான் வாலிபர் கூடுகைப் பிள்ளைகளோடு தரங்கம்பாடி போனோம். டென்மார்க் ராஜா அனுப்பிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706-ல் வந்து இறங்கிய ஊர். டேனிஷ்காரர்களே அவரைப் பிடித்து நாலு மாதம் கோட்டையில் அடைத்திருக்கிறார்கள். அவர் மொழிபெயர்த்த தமிழ் புதிய ஏற்பாடு 1715-ல் அச்சாகி முடிந்தது, அது எல்லோரும் சொல்வது. பழைய ஏற்பாட்டில் அவர் ரூத் புத்தகம் வரைதான் வந்தார், 1719-ல் இறந்துபோனார், வயது 36. அவர் கட்டிய புது எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் பண்ணியிருக்கிறார்கள். அந்தக் கல்லறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எனக்கு ஓடிய கணக்கு, ரூத் வரை என்றால் எரேமியாவை அவர் தொடவே இல்லை. மீதியை அவருக்குப் பின் வந்த மிஷனரி ஷுல்ட்சே முடித்தார், அப்புறம் எத்தனையோ பேர் திருத்தித் திருத்தித்தான் "எதிர்பார்த்திருக்கும் முடிவு" என் அட்டை வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. உடன் வந்த பிள்ளைகள் கடற்கரைக்குப் போகலாம் என்று இழுத்தார்கள், போனோம், நல்ல காற்று.

குரூப் 2 இன்னும் முடியவில்லை. 2024-லிருந்து பாடத்திட்டம் மாறி, குரூப்புக்கு மூன்று பேப்பர் ஆகிவிட்டது, இப்போது 300-க்கு 150. ஒரு தடவை விழுந்தாயிற்று. இந்தச் செப்டம்பரில் ஆபீஸில் பாதி நாள் லீவு போட்டுப் படித்து மறுபடி எழுதியிருக்கிறேன், சட்டப் புத்தகத்துக்குச் செய்த துரோகத்தை வரிப் புத்தகத்துக்குச் செய்யவில்லை. ரிசல்ட் வரவில்லை. பயம் இருக்கிறது, ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் முதலில் ஞாபகம் வருவது அதுதான். பாஸ் ஆவேன் என்று தேவன் என்னிடம் சொல்லவில்லை. நானும் அதை அவரிடம் எழுதி வாங்கப் பார்க்கவில்லை. ஃபெயிலானால் அழுவேன், ஆச்சி மாடிப்படி ஏறி வருவாள், இப்போது முட்டி வலி என்பதால் கீழே நின்றே கூப்பிடுவாளாக இருக்கும்.

இந்த வருஷம் வாக்குத்தத்த அட்டைகளை டைப் அடித்து வெட்டுகிற வேலை என்னிடம் வந்திருக்கிறது. போதகர் கொடுத்த பட்டியலில் 29:11 இருந்தது, அதோடு 29:5-ஐயும் ஒரு அட்டையாகச் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "தோட்டம் போடுங்கன்னா? அதை எடுக்கிறவங்க என்னம்மா நினைப்பாங்க?" என்று சிரித்தார், ஆனால் சரி என்றுவிட்டார். வெட்டித் தட்டில் கலந்தும் வைத்துவிட்டேன். தம்பி கையில் கிடைத்தால் கண்டிப்பாகத் திரும்ப வைத்துவிடுவான்.